கல்லூரியில் மாற்றுத்திறனாளிகள் வரலாற்று வாரம் நடத்துவது எப்படி? புதுச்சேரியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 வந்தால் நம் ஊர்க் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஃபிளெக்ஸ், குத்துவிளக்கு, ஒரு சிறப்பு விருந்தினர், நாலு மாணவர்களுக்குப் பொன்னாடை, சமோசா, டீ. மறுநாள் காலை அதே மாணவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மாடி ஏறுவார்கள்.

நான் ஒரு காலில் கேலிப்பர் போட்டு, கையில் கட்டை வைத்து நடப்பவன். படித்ததும் இப்போது வேலை பார்ப்பதும் புதுச்சேரியில். மாணவனாக இருந்தபோது அந்தப் பொன்னாடையை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். அதே கல்லூரியில்தான் ஒரு செமஸ்டர் தேர்வு அன்று லிஃப்ட் பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பு. மூன்று மாடி ஏறி உட்கார்ந்தபோது மணி அடித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது, கட்டையை அழுத்திப் பிடித்த கை நடுங்கி முதல் பக்கம் முழுவதும் கோணல் எழுத்து. பொன்னாடை எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த முதல் பக்கம் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைக் கொண்டாடுவது என்றால், உங்கள் வளாகத்தில் இதுவரை யார் யார் படித்தார்கள், என்னென்ன தாண்டிப் படித்தார்கள் என்று தேடி எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பதுதான். கூடவே தடைகளில் ஒன்றிரண்டையாவது அந்த வாரம் முடிவதற்குள் எடுத்துப்போட வேண்டும்.

முதல் வேலை: குழு

நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே குழு கூட வேண்டும். உலகம் முழுக்க மாற்றுத்திறனாளி இயக்கங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: எங்களைப் பற்றி, எங்களை விட்டுவிட்டு எதுவும் வேண்டாம். குழுவில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளி மாணவர்களும் ஊழியர்களுமாக இருக்கட்டும், முடிவெடுக்கும் இடத்தில் இருக்கட்டும். வரவேற்புரைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். அதே சமயம் "நீ மாற்றுத்திறனாளிதானே, நீதான் வரணும்" என்று யாரையும் இழுக்கவும் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம், எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, மனநோய், தலசீமியா, ஹீமோஃபீலியா எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் பல வெளியே தெரியாது. சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். குழுவில் சேர ஒரு பொது அறிவிப்பு போட்டுவிட்டுக் காத்திருங்கள், வருவார்கள்.

சம வாய்ப்புப் பிரிவு, நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டும் எப்படியும் இருக்கும். நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது வேறு நாலு பேரை: தேர்வுப் பிரிவில் ஒருவர், நூலகத்தில் ஒருவர், எலக்ட்ரீஷியன், வாயிற்காவலர். லிஃப்ட் சாவி யாரிடம், ஜெனரேட்டர் எந்தக் கட்டடத்துக்கு உண்டு, எந்தக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் கடைசி இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

தேதி: டிசம்பர் 3தானா?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1992இல் டிசம்பர் 3ஐ சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளாக அறிவித்தது. அந்த நாளை மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் கடற்கரையில் அது எந்தக் காலம்? வடகிழக்குப் பருவமழை. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது; டிசம்பர் 3 அன்று பல தெருக்களில் தண்ணீர் வடிந்திருக்கவில்லை. கடலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். தண்ணீர் தேங்கினால் வீல்சேர் நகராது, மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், பக்கத்திலேயே செமஸ்டர் தேர்வு வேறு. பெரிய நிகழ்ச்சியை அந்த நாளில் வைத்தால் முதலில் வர முடியாமல் போவது யாருக்காக நடத்துகிறோமோ அவர்கள்தான்.

என் யோசனை இது. டிசம்பர் 3 அன்று வகுப்பு வகுப்பாக ஒரு பத்து நிமிடம், அது போதும். வரலாற்று வாரத்தைப் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வையுங்கள். வெயிலும் ஏறியிருக்காது. இடையில் சிறு சிறு நாட்கள் இருக்கின்றன: செப்டம்பர் 23 சைகை மொழிகள் நாள், அக்டோபர் 15 வெள்ளைக் கோல் நாள், ஜனவரி 4 லூயி பிரெய்ல் பிறந்த நாள். வருடம் முழுக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். பிரிட்டனில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை ஒரு மாதம் நடத்துகிறார்கள், அது அவர்கள் ஊர்க் காலண்டர்.

டேப்பை எடுத்துக்கொண்டு நடங்கள்

மேடை, விருந்தினர் எல்லாம் முடிவாவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி வளாகத்தைச் சுற்றி வாருங்கள். ஒரு வீல்சேர் பயனாளர், ஒரு பார்வையற்ற மாணவர், அளக்கும் டேப், போன் கேமரா. வாயிலிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து நூலகம், கேண்டீன், கழிப்பறை, தேர்வு அறை, விடுதி. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஈசிஆரில் இறங்கி வாயில் வரை வரும் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாய்தளத்தைக் கண்டால் விடாமல் அளக்க வேண்டும். விதி 1:12. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் மொத்தம் 45 செ.மீ., சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். நான் பார்த்த ஓர் இடத்தில் அதே உயரத்துக்கு இரண்டு மீட்டர்தான் போட்டிருந்தார்கள், அதுவும் வழவழ டைல்ஸில். அதன் உச்சியில் துளசி மாடம் மாதிரி ஒரு பூந்தொட்டி. நானே கட்டையை ஊன்றிப் பார்த்தேன், ரப்பர் முனை வழுக்கிக்கொண்டே போனது. தொட்டியை இரண்டு பேர் அன்றே நகர்த்திவிட்டார்கள், சாய்தளத்தை உடைத்துக் கட்ட ஏழு மாதம் ஆனது. இதைப் படிக்கிறவர்கள் தொட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கதவு 90 செ.மீ. திறக்கிறதா, கழிப்பறைக்குள் வீல்சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் இருக்கிறதா, அந்தக் கழிப்பறை பூட்டியிருக்கிறதா, விளக்குமாறும் பெயின்ட் டப்பாவும் வைக்கும் அறையாக மாறியிருக்கிறதா? எழுதிக்கொள்ளுங்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல்களைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்டிருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் நிர்வாகம் தட்டிக்கழிக்க முடியாது. கடைசியில் மூன்று பட்டியல்: இந்த வாரமே செய்யக்கூடியது, இந்த ஆண்டு, பணம் வந்தால். முதல் பட்டியல் விழாவுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். லிஃப்ட் சாவியின் ஒரு நகல் காவலர் அறை ஆணியில் தொங்குவதும் அந்தப் பட்டியலில்தான் வரும்.

வரலாறு தேடுவது. இதுதான் முக்கிய வேலை

பழைய மாணவர்களிலிருந்து தொடங்குங்கள். அலுவலகத்தில் பதிவேடு கேட்டால் கிடைப்பது எண்ணிக்கைதான், கதை இருக்காது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், நூலக உதவியாளர்கள், விடுதி மாஸ்டர் இவர்களிடம் கேளுங்கள். "நம்ம காலத்துல கண்ணு தெரியாத ஒரு பையன் இருந்தான்ப்பா, வரலாறு படிச்சான்" என்று யாராவது தொடங்குவார்கள், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் கிடைத்துவிடுவார். பிள்ளைச்சாவடியில் பார்வையற்ற, காதுகேளாத பிள்ளைகளுக்கான அரசு சிறப்புப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்துக் கல்லூரிக்கு வந்தவர்கள் வழியாகவும் தேடலாம்.

சந்தித்தால் சாதனையைக் கேட்காதீர்கள். எந்தப் படிக்கட்டு வழியாக ஏறினீர்கள், யார் பாடம் வாசித்தார்கள், மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், பேருந்தில் யார் ஏற்றிவிட்டார்கள், தேர்வில் சொல்வதை எழுதுபவர் எப்படிக் கிடைத்தார்? பெண்களிடம் பெண்கள் போய்ப் பேசுங்கள். கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் மூன்று வருடம் படித்ததாக ஓர் அக்கா எங்களிடம் சொன்னார். அதை அதுவரை யாருமே கேட்டதில்லையாம்.

எங்களுக்குக் கிடைத்ததில் நான் பொக்கிஷமாக நினைப்பது ஒரு கேசட். பார்வையற்ற ஒரு மூத்த மாணவர், இப்போது ஓய்வுபெற்றுவிட்டார், அவருடைய நண்பர் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான், ஒரு பாடத்துக்குப் பத்துப் பதினைந்து கேசட். ஓடவிட்டால் நிலவரி முறையைப் பற்றி வாசித்துக்கொண்டே போகிறார், நடுவில் குக்கர் விசில், அப்புறம் ஒரு பெண் குரல் "சாப்பிட வாடா", இவர் "இரும்மா, ரெண்டு பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமி மறுபடி வாசிக்கிறார். அந்த இரண்டு பக்கம் முடிய இருபது நிமிடம். கண்காட்சியில் அந்த மேசையை விட்டு யாரும் சீக்கிரம் நகரவில்லை.

ஒப்புதல் மட்டும் சரியாக வாங்குங்கள். பெயர் வேண்டுமா வேண்டாமா, குரல் இருக்கலாமா, படம் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பார்வையற்றவரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது முறையில்லை. முழுவதும் வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து, தமிழ்த் துறையை உள்ளே கொண்டு வாருங்கள். நம்மிடம் இருப்பது வேறெங்கும் கிடைக்காத சரக்கு. இரட்டைப்புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவரால் நடக்க முடியாது. பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போய், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிப்பார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்கள் பாடியவற்றில் தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் உண்டு. அதாவது சிதம்பரமும் விழுப்புரம் பக்கமும், நம் வாசல். 17ஆம் நூற்றாண்டில் பார்வையற்ற புலவரான அந்தகக்கவி வீரராகவ முதலியார் இருந்தார்.

கசப்பானதையும் மறைக்க வேண்டாம். நொண்டி நாடகம் என்று ஒரு வகையே இருந்தது: திருடுகிறவன் பிடிபட்டுக் கால் வெட்டப்படுவான், பிறகு திருந்திக் கடவுளை வேண்டினால் கால் வளரும். உடற்குறை என்றால் செய்த பாவத்தின் கூலி, குணமானால்தான் கதை முடியும். இந்த இரண்டும் இன்றைய சினிமா வரை எப்படி வருகின்றன என்று இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒரு மணி நேரம் அழகாக விவாதிப்பார்கள். அந்த நாடகங்களின் நடைதான் நொண்டிச் சிந்து. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியும் அந்தச் சிந்தைக் கையாண்டவர்தான்.

சொற்களுக்கும் வரலாறு உண்டு. தமிழ்நாட்டு அரசு 2010இல்தான் ஊனமுற்றோர் என்பதை விட்டு மாற்றுத்திறனாளி என்று எழுதத் தொடங்கியது. ஆனால் பார்வையற்றவர்கள் பலர் தங்களைப் பார்வையற்றவர் என்று சொல்வதையே விரும்புகிறார்கள், காதுகேளாதோரும் அப்படித்தான். கேட்டு எழுதுங்கள், அவ்வளவுதான்.

கல்விக்கும் மறுவாழ்வுக்கும் நம் பக்கமே பெரிய வரலாறு இருக்கிறது. பாளையங்கோட்டையில் காதுகேளாதோர் பள்ளி 1890களிலேயே தொடங்கியது. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; பின்னாளில் அங்கே மறுவாழ்வு மையத்தையும் உருவாக்கினார். ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து ஒன்று எடுப்பதென்றால் எட் ராபர்ட்ஸ். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருடைய செயற்கைச் சுவாச இயந்திரத்துக்கு விடுதியில் இடமில்லை என்று வளாக மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். அடுத்தடுத்து வந்த மாணவர்கள் அங்கேயே கூடி ஓர் இயக்கமானார்கள். விடுதி அறை கிடைக்காமல் அலைந்த நம் மாணவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

மாரியப்பன் தங்கவேலுவின் மூன்று பாராலிம்பிக் பதக்கங்கள் எல்லோருக்கும் தெரியும், போடுங்கள், ஆனால் சுவர் முழுக்கப் பதக்கமாக வேண்டாம். சாதிக்காதவருக்கும் சாய்தளம் வேண்டும்.

சட்டத்தை ஒரு சுவரில்

இது ஒரு நீளச் சார்ட், பெரிய எழுத்து. 1981 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டு. 1995இல் முதல் சட்டம்: 7 வகைக் குறைபாடுகள், 3 சதவீத இடஒதுக்கீடு. அதற்காகத் தில்லித் தெருவில் வீல்சேரில் நின்று போராடியவர்களில் ஜாவேத் அபிதி முக்கியமானவர். 2006இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, 2007இல் இந்தியா ஏற்றது. 2016இல் புதிய சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறை: 21 வகை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடம். 2018இல் வந்த தேர்வு வழிகாட்டுதல்கள் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்றன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவரின் வழக்கில், 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இல்லாவிட்டாலும் தேவைப்படுகிறவருக்குச் சொல்வதை எழுதுபவர் உண்டு என்றது. 2024 நவம்பரில் அணுகல் விதிகள் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. ஒவ்வொரு வருடத்துக்கும் கீழே ஒரு வெற்றுத்தாள் ஒட்டி, "அந்த ஆண்டு நம் வளாகத்தில்?" என்று எழுதுங்கள். பல தாள்கள் காலியாகவே இருக்கும், இருக்கட்டும். முதல்வர் அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது அவருக்கும் தெரியட்டும்.

அழைப்பிதழும் அறிவிப்பும்

வாட்ஸ்அப்பில் ஒரு வண்ணப் படத்தை மட்டும் அனுப்பினால், பார்வையற்ற மாணவரின் போன் அதைப் "படம்" என்றுதான் வாசிக்கும். தேதி, இடம், நேரம் எல்லாவற்றையும் கீழே எழுத்தாகவும் அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திரைவாசிப்பானிடம், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளிடம், கொடுத்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கத்தும். குரல் பதிவாக மட்டும் அனுப்பினால் காதுகேளாதவர் விட்டுப்போவார். சோதித்துப் பார்க்க என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர் 2006இல் தொடங்கியது. அதை நூலகக் கணினி ஒன்றில் போட்டுவிட்டாலே இந்த வாரத்துக்கு ஒரு பலன்.

அழைப்பில் ஒரு கேள்வி இருக்கட்டும்: நீங்கள் கலந்துகொள்ள என்ன ஏற்பாடு வேண்டும்? கடைசி நாளும் போடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை அப்போதுதான் நேரத்தோடு பேச முடியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இரண்டு பேர் வேண்டும், மாறி மாறிச் செய்வார்கள், இருவருக்கும் ஊதியம் உண்டு. செலவுப் பட்டியலில் மாலைக்கும் நினைவுப் பரிசுக்கும் முன்னால் இதை எழுதுங்கள்.

அந்த வாரம்

தரைத்தளத்தில் நடத்துங்கள். மேடைக்குச் சாய்தளம் இல்லையென்றால் மேடையே வேண்டாம், எல்லோரும் கீழே உட்காருவோம். வீல்சேர் இடங்களைக் கடைசி வரிசையின் ஓரத்தில் ஒதுக்காமல் நடு வரிசைகளில் நண்பர்களோடு இருக்கும்படி இரண்டு நாற்காலிகளை எடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் மேல் வெளிச்சம் விழ வேண்டும், பின்னால் ஜன்னல் கூடாது. கேள்வி கேட்பவர்களும் மைக்கில்தான் பேச வேண்டும். சத்தம் தாங்காதவர்களுக்குப் பக்கத்தில் ஓர் அமைதியான அறை. பஃபே வரிசையில் கட்டையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பது கொடுமை, உட்கார்ந்த இடத்தில் பரிமாறுங்கள்.

பிரெய்ல் மேசை ஒன்று கட்டாயம். ஸ்லேட் (தாளைப் பிடிக்கும் சட்டம்), ஸ்டைலஸ் (புள்ளி குத்தும் ஊசி), கொஞ்சம் கெட்டித் தாள், சொல்லிக்கொடுக்கப் பார்வையற்ற மாணவர் ஒருவர். வலமிருந்து இடமாகக் குத்தித் தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். தமிழ் "அ" ஒரே ஒரு புள்ளிதான். பெயரைக் குத்திப் பார்த்துவிட்டு விரலால் தடவிப் பார்ப்பவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் போட்டி, ஒரு மணி நேரம் வீல்சேரில் உட்காரும் விளையாட்டு, இவை வேண்டாம். பத்து நிமிடம் தடுமாறியவருக்குப் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும். பல வருடப் பழக்கத்தில் வந்த லாவகம் அதில் தெரியாது. மேடையில் வைத்து உதவி உபகரணம் வழங்கிப் படம் எடுப்பதும் வேண்டாம். கொடுக்க வேண்டியதை அலுவலகத்தில் கொடுங்கள்.

முடிந்த பிறகு

பதினைந்து நாளுக்குள் குழு மறுபடி கூட வேண்டும். மூன்று பட்டியலையும் எடுத்து, எது முடிந்தது, எது யார் கையில், எந்தத் தேதிக்குள் என்று எழுதிப் பதிவாளருக்கு ஒரு பிரதி, மாணவர் பேரவைக்கு ஒரு பிரதி. பேட்டிகளை எழுத்தாக்கி, ஒலியோடு சேர்த்து நூலகத்தில் அழைப்பெண் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒருவருடைய கணினியில் கிடந்தால் அவர் மாற்றலாகிப் போகும்போது கூடவே போய்விடும். பாடநூல்களைத் திரைவாசிப்பான் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் வேலையையும் அப்போதே தொடங்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்காக இதை அனுமதிக்கிறது, நூலகர் தயங்கினால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள். சொல்வதை எழுதுபவர்கள் பட்டியலுக்கு வாரத்தின் கடைசி நாளிலேயே பெயர் வாங்கிவிடுங்கள், அன்று கேட்டால் நிறையப் பேர் கொடுப்பார்கள்.

இரவல் வாங்கிய பொருட்களை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கணினியில் ஏற்றிய பிரதி ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தோம். வாசித்த நண்பர் இப்போது கடலூரில் இருக்கிறாராம், அவருக்கும் ஒன்று வேண்டும் என்றார் அந்த மூத்த மாணவர். அடுத்த வாரம் அனுப்பிவைத்தோம்.